மஞ்சள் விளக்கின் மேல் ஒரு துண்டு டேப்

விபத்து அறிக்கை முழுவதும் அச்சடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வேறு போட்டு வைத்திருந்தார்கள், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுபோல. அந்தக் குறியைப் பார்த்ததுமே ஃபியூஸுக்குக் கோபம் ஏற ஆரம்பித்துவிட்டது.

ஃபியூஸ் என்பது தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். பாடம் சொல்ல வந்த அம்மா பலகையில் ஒவ்வொரு பாகமாக வரைந்து, இது என்ன செய்யும், அது என்ன செய்யும் என்று விளக்கினார். டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போக விடும், எதிர்ப்பக்கம் விடாது. கெபாசிட்டர் வருவதையெல்லாம் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, சமயம் வந்தால் ஒரே அடியாகக் கொட்டிவிடும். ஃபியூஸ் அளவுக்கு மேல் கொஞ்சம் போனாலும் சூடாகி அறுந்துவிடும். அவ்வளவுதான், மதியச் சாப்பாட்டுக்குள் உற்பத்தி லைனில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தாயிற்று. மூக்குமேல் கோபம் வைத்திருப்பவள் ஃபியூஸ் ஆனாள். மேலிடத்து உத்தரவை அப்படியே கீழே இறக்குவார், கீழே இருந்து ஒரு வார்த்தையை மேலே ஏற்றமாட்டார் என்று சூப்பர்வைசருக்கு டயோடு என்ற பெயர் வந்தது. திட்டினாலும் இடித்தாலும் பதில் பேசாமல் மனசுக்குள் சேர்த்து வைத்து, ஆறு மாதம் கழித்துத் தேதி நேரத்தோடு எடுத்து விடுகிறவளுக்குக் கெபாசிட்டர்.

இந்தக் கெபாசிட்டர் வேறு யாருமில்லை, ஃபியூஸின் ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் இவள் கீழே, அவள் மாடியில். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் பேசி பதினொரு மாதம் ஆகிறது. காரணம் ஒரு குக்கர் வெயிட். மேலிருந்து கீழே இரவல் வந்த குக்கர் திரும்பிப் போனபோது வெயிட் இல்லை. கொடுத்துவிட்டேன் என்று இவள், வரவே இல்லை என்று அவள். அண்ணன் தம்பி இருவரும் சமாதானம் பேசிப் பார்த்து, புது வெயிட் ஒன்றும் வாங்கிக் கொடுத்துத் தோற்றுப் போனார்கள்.

இந்தக் கதை லைனுக்கே தெரியும். டயோடுக்கும் தெரியும். அதனால்தான் ஓரகத்திக்கு நடந்த விபத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஃபியூஸைக் கூப்பிட்டிருந்தார்.

"படிச்சிட்டியாம்மா? படிக்க ஒண்ணும் இல்ல, நடந்ததுதான். போடு," என்றார் டயோடு. குரலில் தேன் வடிந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் புது மேனேஜர் உட்கார்ந்திருந்தார். விற்பனைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

அவள் மெதுவாகப் படித்தாள். விபத்துக்குள்ளானவர் சோதனையின்போது கவனக்குறைவாக, மின்சாரம் ஓடும் பகுதியைத் தொட்டார். அன்று காலை அவருடைய எர்த் பட்டை சோதிக்கப்பட்டுச் சரியாக இருந்தது, பதிவேட்டில் கையெழுத்து உள்ளது. அவர் எப்போதுமே கவனக்குறைவாக வேலை செய்பவர் என்பதைப் பக்கத்து மேசையில் இருந்த சாட்சி உறுதி செய்கிறார்.

"எப்போதுமேன்னு நான் சொன்னேனா சார்?"

"வீட்ல ஒரு சாமானை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன்னு நீதானேம்மா லைன் பூரா சொன்னே."

சொன்னாள்தான். குக்கர் வெயிட்டைப் பற்றிச் சொன்னது. அதைக் கொண்டுவந்து இங்கே கோத்துவிட்டான் மனுஷன். இந்தக் காகிதத்தில் அவள் பெயர் விழுந்தால் ஓரகத்திக்கு வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவும் தலையில் விழும், கை சரியாகி வெளியே வந்தாலும் இன்னொரு தொழிற்சாலை சேர்க்காது. ஃபியூஸ் பேனாவை எடுக்கவில்லை.

நடந்தது முந்தின நாள், பதினோரு மணி தேநீருக்குச் சற்று முன்பு. விளக்குகளுக்குள் வைக்கும் பவர் போர்டுகளைச் சோதிப்பதுதான் அவர்கள் இருவருக்கும் வேலை. பாகங்களை ஈயத்தால் ஒட்டும் சால்டரிங் முடிந்து வரும் போர்டை மேசைமேல் வைத்து, இரண்டு கிளிப்பை மாட்டி, வீட்டுக்கு வருகிற அதே மின்சாரத்தைக் கொடுத்து, மீட்டரில் எண்ணைப் பார்த்து, கிளிப்பைக் கழற்றி அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு. நானூறு வேண்டும் என்றால் கிளிப்பைக் கழற்றும்போது சுவிட்சை அணைத்துக்கொண்டிருக்க முடியாது. அணைத்துக்கொண்டிருந்தால் முந்நூறு தாண்டாது என்பது டயோடுக்கும் தெரியும். அந்த முந்நூறைத் திட்டுகிறவரும் அவர்தான்.

ஓரகத்தியின் வலது கை விரல் ஒரு போர்டின் காலில் பட்டது. அந்த மாதிரி படுவது எல்லோருக்கும் நடந்ததுதான். சுரீரென்று ஒரு அடி, கை தானாகப் பின்னால் வரும், ஒரு வசை, அடுத்த போர்டு. இந்த முறை கை வரவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் அவள் உடம்பு விறைத்தது. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தானே என்று ஃபியூஸ் ஒரு வினாடி திரும்பாமலே இருந்துவிட்டாள். அந்த ஒரு வினாடி இப்போதும் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிப் பார்த்து, வயரோடு பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். ஓரகத்தி ஸ்டூலோடு சாய்ந்தாள். வலது கையில் ஒரு சின்னப் புள்ளி. இடது மணிக்கட்டில், எர்த் பட்டையின் உலோகப் பொத்தான் தொட்ட இடத்தில், வட்டமாகக் கருகியிருந்தது.

எர்த் பட்டை என்பது கைக்கடிகாரப் பட்டை மாதிரி ஒன்று. அதிலிருந்து சுருள் வயர் ஒன்று மேசையின் எர்த் புள்ளிக்குப் போகும். நாம் நடக்கும்போதும் நாற்காலியில் தேய்க்கும்போதும் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்துகொள்ளும். நமக்கு அது தெரியாது, ஆனால் போர்டில் உள்ள சில்லு ஒன்றைத் தொட்டால் அது செத்துப்போகும். அதற்காக ஆளைப் பிடித்து எர்த்தோடு கட்டி வைக்கிறார்கள். பட்டை போர்டைக் காப்பாற்றுகிறது. ஆளை யார் காப்பாற்றுவது என்ற கேள்வியை அந்த மூன்று நாள் வகுப்பில் கேட்டவளே ஃபியூஸ்தான். எர்த்தோடு கட்டி வைத்த பிறகு தப்பித்தவறி கரண்டைத் தொட்டால் எல்லாம் உடம்பு வழியாகத்தானே போகும் என்று கேட்டாள். பாடம் சொன்ன அம்மா சிரித்துக்கொண்டே, பட்டையின் நுனியில் உள்ள தடித்த பிளாஸ்டிக்கைக் காட்டினார். இதற்குள் மின்சாரத்துக்குத் தடை போடும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது, பத்து லட்சம் ஓம். சேர்ந்த சொற்ப மின்சாரம் இதன் வழியாகக் கசிந்து போய்விடும், ஆனால் பெரிய கரண்ட் வந்தால் இது விடாது. இருநூற்று முப்பது வோல்ட்டைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், வருவது எறும்பு கடிக்குக்கூடக் காணாது.

அவள் வகுத்துப் பார்த்தாள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். எழுதி வைத்து என்ன பிரயோஜனம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் புதுப் பட்டைகள் வந்தன. லைன் வாசலில் சுவரில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. காலையில் உள்ளே நுழையும்போது பட்டையை அதில் செருகி, விரலால் தகட்டைத் தொட வேண்டும். பச்சை எரிந்தால் சரி. சிவப்பு எரிந்தால் பட்டை அறுந்திருக்கிறது. மஞ்சள் எரிந்தால் தடை குறைவு, உள்ளே இருக்க வேண்டிய ரெசிஸ்டர் இல்லை என்று அர்த்தம். புதுப் பட்டைக்கு எல்லோருக்கும் மஞ்சள் எரிந்தது. கூடவே பஸ்ஸர் அலறியது. நாற்பத்தொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்த நானூறு போர்டுக் கணக்கில் குறைவு விழும்.

அந்த வரிசையில் முதலில் கத்தியது அவள்தான். "இந்தச் சனியனை யாராச்சும் நிறுத்துங்களேன், அரை மணி நேரமா நிக்கறோம்." டயோடு வந்தார், பெட்டியைப் பார்த்தார். "தடை குறைவாம். குறைஞ்சா நல்லதுதானேம்மா, நல்லா எர்த் ஆகுதுன்னு அர்த்தம். நீ கைவேலைக்காரி, பஸ்ஸர் வயரைக் கழட்டிட்டு அந்த மஞ்சள் மேல ஒரு டேப் போட்டு விடு." அவள் கறுப்பு டேப்பை எடுத்தாள். பக்கத்தில் யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள், வாங்கி அளவாக ஒரு துண்டு வெட்டி, நகத்தால் ஓரத்தைத் தேய்த்து ஒட்டினாள். வரிசை நகர்ந்தது. அன்றிலிருந்து எந்த விளக்கும் தெரியவில்லை, பதிவேட்டில் கையெழுத்து மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கோபத்தில் செய்த வேலை. கோபம் வந்தால் அவளுக்குப் படித்தது எதுவும் நினைவுக்கு வராது, அதுதான் அவள் சாபக்கேடு.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பையில் போட்டுக்கொண்டு வந்த ஓரகத்தியின் பட்டையைச் சமையல் மேடைமேல் வைத்து, தடித்த பிளாஸ்டிக்கை பிளேடால் கீறினாள். அடுத்து, டிராயரில் கிடந்த தன் பழைய பட்டையையும் கீறினாள். பழையதற்குள் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர், அதன்மேல் பழுப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கோடு. பத்து லட்சத்துக்கான நிறம் அது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். புதியதற்குள் வெறும் செம்பு வயர். நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்திருந்தது.

அந்த இரண்டு துண்டையும்தான் இப்போது மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"இது பழசு சார், இது புதுசு. இதுல ஒரு பொருள் இருக்கு, இதுல இல்ல. அது இல்லாததாலதான் அவ அங்க படுத்திருக்கா."

"நீ எதையோ வெட்டிக் கொண்டுவந்து காட்டினா ஆச்சாம்மா," என்றார் டயோடு. "கம்பெனிப் பொருளை வெட்டினதுக்கே தனியா எழுதணும். சார், காலைல டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போட்டிருக்காங்க, பதிவேடு இருக்கு."

மேனேஜர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. பட்டை பாதுகாப்புக்குத்தானே? போட்டிருந்தும் அடிச்சிருக்குன்னா, தொட்ட விதத்துலதான் தப்பு இருக்கணும்."

இதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. தெரியாதவனுக்கு நாற்காலி, தெரிந்தவனுக்கு வாயில் பூட்டு, நடுவில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "அப்ப வாங்க சார். உங்க பாதுகாப்புப் பட்டையை நீங்களே போட்டுப் பாருங்க," என்று எழுந்தாள். எப்படியும் வரமாட்டார், முகம் வெளிறிப்போகும், அதைப் பார்த்தால் போதும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

மேனேஜர் எழுந்துவிட்டார். "சரி, வாங்க பாக்கலாம்."

லைனில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். ஓரகத்தியின் மேசை காலியாக இருந்தது, பாதியில் விட்ட போர்டு கிளிப்போடு அப்படியே கிடந்தது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பெட்டியிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்து இடது மணிக்கட்டில் மாட்டி, வயரை எர்த் புள்ளியில் செருகினார். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, "எதைத் தொடணும்?" என்று கேட்டார்.

ஃபியூஸ் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது பேரை எர்த்தோடு கட்டி வைத்து வேலை வாங்குகிற இடத்துக்குத் தலைவர், அந்தக் கட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்றே தெரியாமல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. பிளக்கைச் சுவரில் செருகியிருப்போமா என்று பின்னால் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நாளும் நேரான பதில் வரவில்லை.

"போர்டோட இந்தக் காலை சார்," என்றாள். சுவிட்சுப் பலகை பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

"சார் வேண்டாம்," என்றார் டயோடு. குரல் கீச்சென்று வந்தது. ஓடிவந்து மேனேஜரின் கையைப் பிடித்து, பட்டையை இழுத்தார். அவசரத்தில் அது கழலவில்லை. "கழட்டுங்க சார், முதல்ல கழட்டுங்க. நீ அந்த பிளக்கைக் கீழ போடும்மா."

லைனில் ஒரு சால்டரிங் கம்பி ஸ்டாண்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ஏன்?" என்றார் மேனேஜர்.

டயோடு பட்டையை மறுபடியும் இழுத்தார்.

"பட்டை நல்லாருக்குன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க. ஏன் கழட்டச் சொல்றீங்க?"

"அதுல... ரெசிஸ்டர் இல்ல சார். பழசு வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும்னாங்க. இது உடனே கிடைச்சது. ஆர்டர் நிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார்..." ஐந்து வருடத்தில் அவர் மேல்பக்கமாகச் சொன்ன முதல் உண்மை அது. எதிர்ப்பக்கமாக அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்தால் டயோடும் உடைந்து வழிவிடும் என்று வகுப்பில் சொன்னதை ஃபியூஸ் நினைத்துக்கொண்டாள். உடைந்தது சரி. ஒரு மேனேஜர் விரலுக்கு உடைந்தது, அவள் ஓரகத்தியின் உயிருக்கு உடையவில்லையே.

"தெரிஞ்சேதான் எங்க கையில மாட்டுனீங்களா சார்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாததைப் பார்த்துத்தான் லைனே பயந்தது.

மேனேஜர் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் அறைக்குள் போனபோது அந்த அச்சடித்த அறிக்கையை அவரே மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "வேற எழுதிக்கலாம். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க," என்றார்.

"நானே எழுதறேன் சார்."

வெள்ளைக் காகிதம் வாங்கி உட்கார்ந்தாள். முதல் வரியில் என்ன எழுதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சோதனைப் பெட்டியின் மஞ்சள் விளக்கின் மேல் டேப் ஒட்டியது நான். பஸ்ஸர் வயரைக் கழற்றியதும் நான். அதற்கப்புறம்தான் யார் சொல்லி என்று எழுதினாள், பட்டை பற்றி எழுதினாள், நானூறு போர்டு பற்றி எழுதினாள், பத்து லட்சத்தால் வகுக்கும் கணக்கைக்கூட எழுதினாள். தொட்டது தவறு என்று எங்கேயும் எழுதவில்லை.

மேனேஜர் முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது இருந்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும். இதை எடுத்துடலாமே."

"எதை எடுத்தாலும் அது உங்க அறிக்கை ஆயிடும் சார்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெருக்கல் குறி இல்லாத காகிதத்தில், தன் முழுப் பெயரை.

வெளியே போகும்போது வாசலில் நின்று டேப்பை நகத்தால் கிளப்பி இழுத்தாள். பசை விளக்கின்மேல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, சேலை முந்தானையால் துடைத்தாள். பஸ்ஸர் வயரையும் இருந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஓரகத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. கட்டிலுக்குக் கீழே மாடி வீட்டுக் கூடை இருந்தது. ஃபியூஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் உள்ளதையே சொன்னாள். பட்டையை வெட்டியது, மேனேஜர் விரலை நீட்டியது, டயோடு கீச்சென்று கத்தியது, எல்லாம். கடைசியில் டேப்புக்கு வந்துதானே ஆக வேண்டும்.

"அந்த மஞ்சள் விளக்குல டேப் ஒட்டுனது நான்தான். எழுதிக் கொடுத்துட்டேன். உங்கிட்டயும் சொல்லணும்ல."

ஓரகத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டட்டும், மொத்தத்தையும் கொட்டட்டும் என்று ஃபியூஸ் காத்திருந்தாள்.

"கத்தரிக்கோல் எழுதினீங்களா?"

"என்ன கத்தரிக்கோல்?"

"ஒட்டறப்ப கத்தரிக்கோல் நீட்டுனது யாருன்னு நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. எங்கூடப் பேசறதில்லையே, அதான் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கிட்டீங்க. நானும்தான் அந்த வகுப்புல உக்காந்திருந்தேன். மஞ்சள்னா என்னன்னு எனக்கும் தெரியும். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஒரு குக்கர் வெயிட்டுக்காக வாய மூடிக்கிட்டேன்."

ஃபியூஸ் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தினாள்.

"எம் பேரை விட்டுட்டு எழுதுனா அதுவும் பொய்தான்," என்றாள் ஓரகத்தி. கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் கோபம் கொதித்தது. "காகிதம் வச்சிருக்கீங்களா, இல்ல நான் நர்ஸ் கிட்ட கேக்கட்டுமா?"

ஃபியூஸ் பையைத் திறந்து காகிதமும் பேனாவும் எடுத்தாள். ஓரகத்தி கட்டுப் போடாத கையை நீட்டினாள். பேனாவோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் ஃபியூஸ், பிடித்த பிடியில் இருவருக்குமே வலித்தது, இருவருமே விடவில்லை.